மீசையை எடுத்த மத்தியானம்

போன வியாழக்கிழமை பொம்மிடி ஸ்டேஷனில் ஒரு பெண் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். துளிச் சத்தம் இல்லாமல்!

சேலம் போகும் பாசஞ்சர் வழக்கம்போல் தாமதம். நான் இந்தப் பிளாட்பாரத்தில். அவள் எதிர்ப் பிளாட்பாரத்தில். நடுவில் தண்டவாளங்கள். சற்றுத் தள்ளி ஒரு கூட்ஸ் எஞ்சின் நின்று ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த ஒருவர், எதிரே நின்ற தன் தம்பியிடம் தொண்டை கிழியக் கத்தினார் - "சாவிய யாருகிட்ட குடுத்த?" தம்பி காதில் கையை வைத்து "ஆங்?" என்றான். மறுபடி கத்தினார். மறுபடியும் "ஆங்?"

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலை மூக்குக்குக் கீழே வைத்து ஓர் இழுப்பு. உடனே உள்ளங்கையால் அந்த இடத்தை ஒரு துடைப்பு. அவ்வளவுதான்.

அது என் பெயர்!

ரேஷன் கார்டில் மாதேஷ் என்று இருக்கும். வீட்டில் மாதேசன். இந்த மூன்றாவது பெயரை அறிந்தவர்கள் உலகத்தில் ஓர் இருபது பேர் இருந்தால் அதிகம். அதை எனக்கு வைத்தவளே எதிரில் நிற்கிறாள். பதினாலு, பதினைந்து வயது. பச்சைத் தாவணி. பக்கத்தில் தாடியோடு அவள் அப்பா.

ஷகீலா!

வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் பஸ் கண்டக்டர்களைத் திட்டியிருக்கிறேன். தக்காளி விலைக்கு அழுதிருக்கிறேன். என் மாமனாரின் குறட்டைக்கே ஒரு வாரத்தை ஒதுக்கியிருக்கிறேன். ஷகீலாவைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. ஏன்? வெட்கம்தான், வேறென்ன... அந்தக் கதையில் நான் செய்த காரியம் அப்படி.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு தர்மபுரியில், ஒரு வாடகைக் கட்டடத்தில், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று நடந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைத் தயார் செய்யும் ஒரு வருட டிரெய்னிங்கும் அதே கட்டடத்தில். அதில் பத்துப் பெண்கள். ஆண் நான் ஒருவன்.

பெரிய லட்சியத்தோடு போய்ச் சேர்ந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் மற்ற டிரெய்னிங் எதிலும் எனக்கு இடம் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

எங்கள் பயிற்சிக்குத் தலைவி 'பெரிய டீச்சர்'. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். முதல் வாரமே எங்கள் காதுகளில் பஞ்சைத் திணித்து, "போங்க, பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாங்க" என்று அனுப்பினார். போனோம். உட்கார்ந்தோம். திரும்பி வந்தோம்.

"என்னங்க தெரிஞ்சுது?"

"எல்லாரும் மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடறாங்க டீச்சர்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள்.

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. "அந்த மீன் வாயிலிருந்துதான் நம்ம புள்ளைங்க ஒவ்வொரு வார்த்தையா பொறுக்கி எடுக்கணும். மனசுல வெச்சுக்கங்க தம்பி" என்றார்.

பிள்ளைகளின் மார்பில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி தொங்கும். அதிலிருந்து காதுக்கு ஒயர். அது கொண்டுவந்து சேர்ப்பது கொஞ்சம் இரைச்சல். மிச்சத்தை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். 'ப' சொல்ல ஒரு காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடிப்போம். காற்றுப் பட்டு அது படபடக்க வேண்டும். 'ம' சொல்ல அவர்கள் விரலை எங்கள் மூக்கின் மேல் வைப்போம்; அதிர்வு தெரிய வேண்டும். ஒரே ஓர் எழுத்தை வாங்க ஒரு மாதம்! நாம் எல்லாம் பிறந்து ஒரு வருடத்தில், ஓசியில் வாங்கிக்கொண்ட சமாசாரம் இது.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவது மகா குற்றம். முதுகைக் காட்டினால் பாடம் போச்சு. இன்னொரு சட்டமும் அந்தக் காலத்தில் உண்டு - கை பேசக் கூடாது. பிள்ளைகள் சைகை காட்டினால் பேச்சு வராது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் வகுப்பில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளையை ஒப்படைத்தார்கள். எனக்கு வந்தவள் ஷகீலா. ஏழு வயது. பாப்பாரப்பட்டியில் மெத்தை, தலையணை தைக்கும் கரீம் பாயின் மகள். தினமும் அரை மணி நேரம், துணித் தடுப்புக்குப் பின்னால், அவளும் நானும் எதிரெதிரே.

"செருப்பு" என்பேன். மேஜை மேல் ஐந்து சாமான்கள் இருக்கும். அவள் என் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சீப்பை எடுப்பாள். மறுபடி "செருப்பு" என்பேன். பந்தை எடுப்பாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை... மூன்று மாதம்!

அது போதாது என்று இன்னொன்றும் செய்வாள். நான் பேசும்போதெல்லாம் மேலுதட்டைச் சுளித்து, மூக்கைச் சுருக்கி, இடது பக்கமாக வெட்டி வெட்டி இழுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேலியா செய்கிறாய் என்னை? பக்கத்துத் தடுப்பில் மற்றப் பிள்ளைகள் பத்து வார்த்தை, பன்னிரண்டு வார்த்தை என்று போய்க்கொண்டிருக்க, என் கணக்கில் சுழி.

மாதாமாதம் வீட்டுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். ஒரு நாள் கோபத்தோடு உட்கார்ந்து எழுதினேன் - 'கவனக் குறைவு. முகத்தைக் கோணி விளையாடுகிறாள். முன்னேற்றம் இல்லை.' கையெழுத்துப் போட்டுத் தபாலிலும் சேர்த்துவிட்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் கரீம் பாய் வந்து நின்றார்.

வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, முகத்தைச் சுற்றித் தாடி. சட்டைப் பையில் என் ரிப்போர்ட் நாலாக மடித்து இருந்தது. "போஸ்ட்மேன் படிச்சுக் காட்டுனாருங்க" என்றார்.

"என்ன பாய், உக்காருங்க" என்றார் பெரிய டீச்சர்.

"உக்கார நேரமில்லீங்க டீச்சரம்மா. ஒண்ணரை மணி பஸ்ஸப் புடிக்கணும். புள்ளையக் கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன். இங்க இருந்தும் ஒண்ணும் வரலேன்னா எதுக்குங்க... வூட்டுலயே இருக்கட்டும். அவங்கம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்."

அதோடு முடிந்தது என்று அர்த்தம். ஏழு வயதுப் பெண், இனி வாழ்நாள் பூராவும் அடுப்படியோடு. நான் எழுதிய மூன்று வரி அதைச் செய்திருந்தது.

கரீம் பாய் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன் சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க வூட்டுல உருதுதானுங்க பேசுவோம். சேக்கறப்ப டீச்சரம்மா, 'இவளுக்கு ஒரே பாஷைதான் வேணும், தமிழ்லயே பேசுங்க'ன்னாங்க. அன்னியிலிருந்து இவகிட்ட நாங்க எல்லாருமே தமிழ்தான். எங்கம்மாவுக்குத் தமிழே சரியா வராது, அவங்களும் கத்துக்கிட்டாங்க. நான் சொன்னா புரிஞ்சுக்கறாளுங்க சார். நெசமாத்தான். இங்க மட்டும் ஏன்னுதான் தெரியல."

ஒரு பிள்ளைக்காக ஒரு வீடே பாஷையை மாற்றிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டு அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பாவம், பெற்ற பாசம். அப்படித்தான் சொல்வார்கள்' என்று நினைத்தேன். படித்த திமிர்!

ஷகீலாவை அழைத்து வந்தார்கள். அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கரீம் பாயின் ஒரு கையில் அவளுடைய பெட்டி, இன்னொரு கையில் சுருட்டிய படுக்கை. அவர் குனிந்து, முகத்தை அவள் முகத்துக்கு நேராக வைத்து, சாதாரணமாகச் சொன்னார் - "செருப்பப் போட்டுக்க. நீலப் பாவாடை கொடியில காயுது, அதையும் எடுத்துட்டு வா."

அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, நீலப் பாவாடையோடு வந்து நின்றாள்.

நான் அசந்து போனேன். செருப்பு! மூன்று மாதம் நான் நாயாய்க் கத்திய அதே செருப்பு! ஊருக்குக் கிளம்புகிறோம் என்பதை வைத்துச் செருப்பை ஊகித்திருப்பாள் என்று சொல்லலாம். நீலப் பாவாடையை எப்படி ஊகிப்பது? அவர் கை இரண்டிலும் சாமான். சைகை காட்டவும் வழியில்லை. பெற்றவர் என்பதைத் தவிர இவரிடம் என்ன இருக்கிறது, என்னிடம் இல்லாதது?

பெரிய டீச்சர் கரீம் பாயின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தை. மறுபடி அவர் முகத்தை.

"தம்பி... உங்ககிட்ட இல்லாதது ஒண்ணும் அவருகிட்ட இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு" என்றார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "மீசை."

கரீம் பாய்க்குத் தாடி உண்டு, மீசை கிடையாது. மேலுதடு மழமழவென்று இருக்கும். எனக்கோ... எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மீசை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாததல்ல. மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டுக்கும் கொஞ்சம் நிழல் கொடுக்கும் மீசை. மூன்று மாதமாக அந்தப் பிள்ளைக்கு என் உதடே தெரியவில்லை. பத்துப் பெண்களோடு நானும் தினமும் கண்ணாடி முன்னால் நின்று உச்சரிப்புப் பழகினேன். பெரிய டீச்சர் பத்து முறை என் வகுப்பைப் பார்வையிட்டார். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் காது கேட்டது. அதனால் யாருமே என் உதட்டைப் பார்க்கவில்லை.

"பாய், ஒரு வாரம் டைம் குடுங்க" என்றேன்.

"வாரம் எதுக்குங்க?" என்றார் பெரிய டீச்சர். "சலூன் எதிர்லதான இருக்கு. பாய் அரை மணி நேரம் உக்காருவாரு."

மீசைதானே, எடுத்தால் வளர்ந்துவிட்டுப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஓர் ஆம்பிளை மீசையை எடுக்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அப்பா போய்விட்டார்.

சலூன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எப்பங்க தவறுனாரு?" என்றார்.

"யாரு?"

"அப்பாருதானுங்க."

"அய்யய்யோ, அவரு நல்லா இருக்காருங்க."

சலூன்காரர் கத்தியை மடித்து வைத்துவிட்டார். "அப்ப நான் எடுக்க மாட்டேனுங்க. உசுரோட இருக்கற மனுசனுக்கு... அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. சுவரில் கடிகாரம் ஓடுகிறது. பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம். என்ன செய்வேன், சொல்லுங்கள்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன் - "முந்தாநேத்துங்க. சொல்றதுக்குத்தான் மனசு வரல."

"அடப் பாவமே" என்றார். மொட்டையும் சேர்த்து அடித்துவிடலாம் என்று அவர் ஆரம்பித்ததைத் தடுத்து, மீசையோடு நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஓடி வந்து ஷகீலாவின் எதிரில் உட்கார்ந்தேன். மேலுதட்டில் காற்றுப் பட்டுக் கூசியது. அவள் என்னையே பார்த்தாள். வழக்கம்போல் மேலுதட்டை இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டி இழுத்துவிட்டு, என் முகத்தில் எதையோ தேடினாள். அது அங்கே இல்லை. விரலை நீட்டி என் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

பின்னாலிருந்து கரீம் பாய் சொன்னார், "இதானுங்க சார்! லீவுல வூட்டுக்கு வந்தப்பவும் இப்பிடித்தான், மேலுதட்ட ஆட்டி ஆட்டி எங்ககிட்ட காட்டிட்டே இருந்தா. வலிப்போ என்னவோன்னு பயந்துட்டு டாக்டருகிட்டகூட காட்டுனோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அது கேலி இல்லை. கோணங்கித்தனம் இல்லை. அது பாடம்! நான் பேசும்போது என் முகத்தில் ஆடியது மீசை ஒன்றுதான். பேச்சு என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். அது எப்படி வெட்டியதோ அப்படியே வெட்டி, எப்படி இழுத்ததோ அப்படியே இழுத்து, ஒரு நாள் தவறாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் ஒப்பித்தும் காட்டியிருக்கிறாள். என் மீசையின் ஒவ்வொரு அசைவையும் மனப்பாடம் செய்த பிள்ளை அவள். அவளைப் பற்றித்தான் நான் 'கவனக் குறைவு' என்று எழுதினேன். அவளைவிடக் கவனமான ஜீவன் அந்தக் கட்டடத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முகத்தை அவள் முகத்துக்கு நேராக வைத்து, "செருப்பு" என்றேன்.

அவள் கண் என் உதட்டில் நின்றது. கொஞ்சம் விரிந்தது. குனிந்து தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றி, என் மடியில் வைத்தாள்.

பந்து என்றேன், எடுத்தாள். சீப்பு. பூ. கடைசியாகப் 'பழம்' என்றேன். சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். உதட்டில் பழமும் படமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரிய டீச்சரே ஏமாறும் இடம் அது. ஐந்துக்கு நாலு!

"பாய், தப்பு அவளுது இல்லீங்க. என்னுது" என்றேன். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, மூன்று வரியையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'ஆசிரியரின் மீசையால் ஏற்பட்ட தவறு' என்று எழுதினேன். பெரிய டீச்சர் படித்துப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

கரீம் பாய் படுக்கையைக் கீழே வைத்தார். பெட்டியையும் வைத்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸு வந்துருமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போனார்.

அந்த வாரமே எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. மூக்குக்குக் கீழே ஓர் இழுப்பு, உள்ளங்கையால் ஒரு துடைப்பு. கை பேசக் கூடாது என்ற சட்டத்தின்படி நான் பெரிய டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருநாள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன் - நாங்கள் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் சைகையிலேயே சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், சலூன்காரர் என்னிடம் துக்கம் விசாரித்ததுவரை நடித்துக் காட்டினார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது! யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு முழுப் பாஷை. பிரமித்து நின்றுவிட்டேன். இவர்களுக்கா நாம் பேசக் கற்றுக்கொடுக்க வந்தோம் என்றிருந்தது.

சலூன்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்த ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊரேதான். தங்கைக்கு அவர் சொல்லியனுப்பிய துக்கச் செய்தி, வெளியூரில் இருந்த சொந்தக்காரர்கள் காதுவரை போய்விட்டது. மூன்றாம் நாள் காலை என் பெரிய மாமா, மாலையும் கையுமாகப் பொம்மிடியில் இறங்கி, அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்தவர் என் அப்பா!

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன்டா மாதேசா, நான் குண்டுக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்பவே காரியத்த முடிச்சுட்டியா?"

அப்புறம் ஒரு மாதம் பேச்சே கிடையாது. சாப்பாட்டு நேரத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு மாதம் கழித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு இப்பப் புரியுதா?"

"புரியுதுப்பா."

வாளியைக் கீழே வைத்தார். "அப்ப வளக்காத."

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் எனக்கு மீசை கிடையாது. அந்த டிரெய்னிங்கை முடித்து, இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறேன். முழுப் பரீட்சை முடிந்த கையோடு வளர்ப்பேன். ஜூன் பிறந்தால் எடுத்துவிடுவேன். ஆசைக்கு இரண்டு மாதம். இந்தப் பத்தியின் தலைப்பில் இருக்கும் போட்டோகூட ஒரு மே மாதத்தில் எடுத்ததுதான்.

போன வியாழக்கிழமையும் மே மாதம்தானே? பொம்மிடிக்கு வருவோம்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் கரீம் பாய் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். தாடி நரைத்திருந்தது. நான் உற்சாகமாக ஷகீலாவைப் பார்த்து, சத்தம் இல்லாமல், நிறுத்தி நிறுத்திக் கேட்டேன் - "எந்த... ஊருக்கு... போறீங்க?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். புரியவில்லை.

மறுபடி கேட்டேன். மறுபடியும் தலையாட்டல். என் பக்கத்து ஆசாமியின் தம்பியும் சரியாக அந்த நேரத்தில் "ஆங்?" என்றான்.

ஷகீலா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். மேலுதட்டை இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். அதே வெட்டு, அதே இழுப்பு! இத்தனை வருடம் கழித்தும் பாடம் மறக்கவில்லை. அப்புறம் விரலை நீட்டி என் மீசையைக் காட்டி, உள்ளங்கையால் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை அழுத்தித் துடைத்தாள். கரீம் பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கையைக் கட்டி உட்கார வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, சரி என்று சைகை காட்டினேன்.

ஜூன் பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. இருந்தாலும் நாளைக் காலை முதல் வேலை சலூன்தான்.

என் அப்பா நன்றாக இருக்கிறார் - தயவுசெய்து யாரும் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பி வந்துவிடாதீர்கள்.